ஆறு பேர்

ஜனவரி 6

தங்கச்சிக்கு,

பெரிய தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, மூன்று தெருவுக்கும் லாரியில் தண்ணீர் வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய பஸ் நிலையத்தை இடித்ததும் அந்த வருஷம்தான். ஆறு மாதம் பஸ்ஸெல்லாம் ஆஸ்பத்திரி மதிலோரம் நின்றன. தபால் ஆபீஸ் கடிகாரம் நாலேகாலில் நின்று, சரிசெய்ய ஆள் வராமல், ஊரே நாலேகாலுக்குப் பழகிப்போனது. அதே வருஷம் மழை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை உனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். சனிக்கிழமை வீடு திரும்பினாய். அன்று சாயங்காலத்துக்கு அப்புறம் நாம் பேசவில்லை. பன்னிரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாளில் குறித்துவைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

இதை எழுதுவது கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வராது. எனக்காக ஒரு மணி நேரம் பேனா பிடிக்கிறார். போன் பண்ணலாமே என்றார். காதில் கருவி மாட்டினால் எதிரே நிற்பவர் பேச்சு கேட்கிறது. போனை வைத்தால் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல்தான். தவிர, போனை நீ பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் முதலில் பிரிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் ஒரு மீன் இருக்கிறது. தங்கமீன், என் உள்ளங்கை நீளம்.

உனக்குச் சிரிப்பு வரும். மீனுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்து, ஜனத்தொகை கணக்கெடுக்க வந்தவரிடம் "எங்க வீட்ல நாங்க ஏழு பேர்" என்று சொல்லி, அவர் ஏழு கட்டம் போட்ட பிறகு கண்ணாடித் தொட்டியைக் காட்டியவள் நீ. மணப்பெண், வக்கீல், சண்டைக்கோழி, மாமியார், பெரிய டீச்சர், தூங்குமூஞ்சி. மீனை யாராவது பேர் என்று எண்ணுவார்களா, ஆறு மீன் என்று சொல் என்று நான் உன்னைப் படுத்தாத நாள் இல்லை. அப்புறம் உன் வயிற்றிலிருந்து டாக்டர் கல்லை எடுத்த வாரம், உன் தொட்டியில் இருந்த கல்லை நான் கழுவினேன். டாக்டர் வேலை நன்றாக முடிந்தது. என் வேலை எப்படி முடிந்தது என்று நீயே வந்து பார்த்தாய். அதைப் பற்றி இன்று எழுதவில்லை.

என் மீனுக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், தடவைக்கு நாலு பக்கெட். ஓஸ் போட்டுக் குழாயிலிருந்தே விடலாமே என்பாய். எங்கள் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை மூக்கைத் துளைக்கிறது. ஒரு நாள் ஆற வைத்தால்தான் மீன் தாங்கும். ஆற வைக்கும் டிரம் மொட்டைமாடியில் இருக்கிறது. அங்கிருந்து கீழே குழாய் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார். நாற்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் குழாய் இழுத்த மேஸ்திரிக்கு வந்த கதியைப் பார். ஐப்பசியில் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோள் கிழிந்துவிட்டது. ஒரு ஜக் தண்ணீருக்கு மேல் தூக்கக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். மேல்வீட்டு பஸ் டிரைவர்தான் இத்தனை நாளும் பக்கெட் இறக்கித் தருகிறார். அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு வேறு டிப்போ.

மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "ஒத்தை மீனுக்கு இவ்வளவு பாடா? பார்க் குளத்துல விட்டுட்டுப் போங்க பெரியவரே" என்றார். அந்தக் குளத்தில் தினமும் காலையில் இரண்டு கொக்கு நிற்கும். அவருக்கும் தெரியும்.

பிறகு அவரே, தொட்டிக்கு மேல் செடி வைத்தால் தண்ணீர் தானாகச் சுத்தமாகும் என்று எங்கோ கேள்விப்பட்டதாகச் சொன்னார். எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கல்லூரி லேப்பில் இருபத்தாறு வருஷம் தண்ணீரையும் மருந்தையும் அளந்தவள். கேட்க எனக்கு வேறு ஆள் தெரியாது. அடுத்த மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் அந்த மீனை நான் வைத்துக்கொள்ள முடியாது. அது மட்டும் நடக்கக்கூடாது.

நீ பதில் போடாவிட்டால் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன்

(கையெழுத்துக்குப் பதிலாகக் எல்போ எனும் குழாய் வளைவு ஒன்றை வரைந்திருக்கிறார். — எழுதியவர்)


ஜனவரி 15

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. பக்கெட் பக்கெட்டாக நீங்கள் வெளியே கொட்டுவது அதைத்தான். செடிக்கு அது சாப்பாடு ஆகும், ஆனால் நேராக ஆகாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நடுவில் இருந்து அதை மாற்றித் தர வேண்டும். கல்லின் மேல் வழவழப்பாகப் படிந்திருப்பது அவைதான்.

தொட்டிக்கு மேலே கனமான ஸ்டாண்டில் ஒரு பெட்டி வையுங்கள். ஓரடி ஆழம் போதும். அதில் கூழாங்கல் நிரப்புங்கள், மண் வேண்டாம். தொட்டிக்குள் ஒரு சின்ன மோட்டார் போட்டால் அது தண்ணீரை மேலே ஏற்றும். பெட்டி முக்கால் நிரம்பியதும் மொத்தத் தண்ணீரும் தானாகத் தொட்டிக்கு இறங்கி, மறுபடி நிரம்பத் தொடங்க வேண்டும். அப்போதுதான் வேருக்குத் தண்ணீரும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கும். அதை எப்படி இறக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லில் புதினாவோ கீரையோ நடலாம்.

இது பழகிவிட்டால் பக்கெட் தேவைப்படாது. ஆவியாகிப்போகும் தண்ணீரை ஜக்கில் ஊற்றி நிரப்புவது, தினம் தீனி போடுவது, மாதம் ஒரு முறை மோட்டார் வாயைத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. ஆனால் பழக ஐந்தாறு வாரம் பிடிக்கும். செடி வைத்த மறுநாளே பக்கெட்டை நிறுத்தினால் மீன் செத்துவிடும்.

நான் இப்போது மீன் வளர்ப்பதில்லை.

மருந்துக்கடை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: இதை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். தனக்குப் பிடித்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்வது இவர் வழக்கம்.

தங்கை


ஜனவரி 27

தங்கச்சிக்கு,

இரண்டு முறை இல்லை, மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். முதல் முறை வாசித்தபோது வேறு யாருக்கோ வந்த கடிதம் மாறி வந்துவிட்டதோ என்று பார்த்தேன். என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். நாலு வயதில் என் தோளில் உட்கார்ந்து முடியைப் பிடித்துக்கொண்டு "நீ வேகமா ஓடு" என்று அதட்டியவள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் "கிளம்புங்க" என்றாயே, அதுதான் முதல் நீங்க. நீ கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பட்டிருக்காது.

போகட்டும். வேலையைச் சொல்கிறேன்.

ஸ்டாண்டு பழைய தையல் மிஷின் மேசை. பெட்டி ஒரு கடையில் ரொட்டி அடுக்கிவந்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தார்ப்பாய் இரண்டு மடிப்பு. கூழாங்கல்லை டிரைவர் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் தானாக இறங்க வேண்டும் என்று நீ எழுதியதை வாசித்ததும் சிரித்துவிட்டேன். இது பழைய காலத்துக் கக்கூஸ் தொட்டி தத்துவம்தானே? நடுவில் ஒரு குழாய், அதன் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்த ஒரு பெரிய குழாய். தண்ணீர் விளிம்பைத் தாண்டியதும் உள்ளே இருந்த காற்று வெளியேறி, உறிஞ்சு உறிஞ்சென்று மொத்தமும் இறங்கும். கடைசிச் சொட்டில் காற்றை இழுத்து ஒரு ஏப்பம் விட்டு நிற்கும். அந்த ஏப்பம் வராவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். நாற்பத்தொரு வருஷம் நான் கேட்ட சங்கீதம் அது.

ஏப்பம் மூன்று நாள் வரவில்லை. தண்ணீர் இறங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை, ஒழுகிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நான் தூங்கிவிட்டேன். பெட்டி வழிந்து, தரை நனைந்து, மருந்துக்கடைக் கூரையில் இறங்கிவிட்டது.

(இருமல் மருந்து ஒரு பெட்டி நனைந்தது. இதை எழுத வேண்டாம் என்றார். — எழுதியவர்)

கோளாறு தொப்பியில் இல்லை, என் கர்வத்தில். முக்கால் இஞ்சு குழாய் போட்டிருந்தேன்; அந்தச் சின்ன மோட்டாருக்கு அது தாராளம், உறிஞ்சல் பிடிக்கவில்லை. அரை இஞ்சாக மாற்றி, கீழே ஒரு எல்போ வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முதல் ஏப்பம். கருவி மாட்டாமலே கேட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். மேசையில் கை வைத்திருந்தேன், கையில் கேட்டது. நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கிண்டல் பண்ணியிருப்பாய்.

மருந்துக்கடை அம்மா அவர் வீட்டுப் புதினாவில் ஆறு தண்டு கொடுத்தார், நனைந்த இருமல் மருந்தையும் மறந்து. நட்டிருக்கிறேன். மீன் கீழே இருந்து வேடிக்கை பார்க்கிறது.

அண்ணன்

(எல்போ)


பிப்ரவரி 5

அண்ணனுக்கு,

மூன்று நாள் ஒழுகவிட்டதைப் படித்தபோது சிரித்தேன். நனைந்தவருக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

இனிமேல் வருவதுதான் கடினமான பகுதி. உங்கள் கூழாங்கல் புதிது. அதன் மேல் எதுவும் இன்னும் படியவில்லை. செடி வேர் விடவில்லை. இந்த இடைவெளியில் விஷம் ஏறும், தண்ணீர் கலங்கி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகும். பார்க்க அசிங்கமாக இருக்கும். நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன என்று அர்த்தம். அப்போது உங்கள் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஆகவே: கல்லைக் கழுவாதீர்கள். பெட்டியைக் கழுவாதீர்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். டிரைவர் இருக்கும்வரை, தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டு ஆற வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். இதற்குமுன் தொட்டியில் தண்ணீர் வடிகட்டும் பழைய பஞ்சு, ஸ்பாஞ்ச் ஏதாவது கிடந்திருந்தால், அதைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அந்தச் சாற்றைக் கல் மேல் ஊற்றுங்கள். புதுக் கல் அந்த ஐந்தாறு வாரத்தில் பாதிக்குள் பழகிவிடும்.

கழுவாதீர்கள் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இத்துடன் ஐம்பது காகிதப் பட்டைகள் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, உதறி, எண்பது எண்ணும்வரை காத்திருங்கள். நுனி மஞ்சளாகவே இருந்தால் விஷம் இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. வாசிக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

மீனுக்கு எத்தனை வயது? எங்கே வாங்கியது? எழுதவில்லையே.

தங்கை


பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

காகிதப் பட்டை வந்தது. தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒன்று. எழுபத்தாறு வயதில் நானே படித்த முதல் தாள் அது. மருந்துக்கடை அம்மாவிடம் காட்டாமலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பதினோரு நாளாகப் பச்சை. முதலில் இளம்பச்சை, இப்போது வாழையிலை.

தண்ணீர் நீ சொன்ன மாதிரியே கலங்கிவிட்டது. மீன் கீழே மூலையில் படுத்திருக்கிறது. தீனி போட்டால் ஏறிட்டுப் பார்க்கிறது, எழுந்து வருவதில்லை. டிரைவர் இன்னும் ஒன்பது நாள்தான் இருப்பார். நேற்று அவரும் கேட்டுவிட்டார்: "ஒரு தடவை எல்லாத்தையும் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டா முடிஞ்சது இல்ல, மேஸ்திரி?" அவருக்கு என்ன தெரியும். பவுடர் டப்பா குளியலறை அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்து போனேன். அலமாரியைத் திறந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இன்று எழுதவில்லை என்று முதல் கடிதத்தில் சொன்னதை இப்போது சொல்கிறேன்.

உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று, தொட்டிக் கண்ணாடியில் நீ ஒரு தாள் ஒட்டியிருந்தாய். உன் அண்ணி துணைக்கு உன்னோடு ஆஸ்பத்திரியில். சாவி என்னிடம். தினமும் வந்து தீனி போட்டேன், தினமும் அந்தத் தாளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அதில் ஒன்றே ஒன்று: 1/4. அது குழாய் அளவு, எப்படித் தெரியாமல் போகும்? அப்புறம் ஒரு நீளமான சொல், அதன் கீழே இரண்டு கோடு. இரண்டு கோடு போட்டிருக்கிறாள் என்றால் முக்கியமான வேலை. கல்லில் பாசி, பஞ்சில் அழுக்கு, கண்ணாடி மங்கல். நோயாளி வீட்டுக்கு வருகிறாள், தொட்டி இந்த லட்சணத்தில் இருக்கலாமா? கால் பங்கு தண்ணீரை மிச்சம் வைத்து மற்றதை மாற்று, நன்றாகக் கழுவு என்று சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். தெருவில் யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். உன் தெருவில் பாதி வீட்டுக்கு நான் குழாய் போட்டவன். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

கல்லையும் கண்ணாடியையும் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன், இரண்டு மணி நேரம். உனக்குச் செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் தேய்த்தேன். அந்தத் தொட்டி அன்றைக்கு மின்னிய மாதிரி நான் எந்தத் தொட்டியையும் பார்த்ததில்லை.

சாயங்காலம் மீன்கள் செத்து மிதந்ததை நீ வாசலில் நின்று பார்த்தாய். பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு, தையல் வலியோடு. நான் பேசாமல் இருந்திருக்கலாம். "மீன்தானே, புதுசு வாங்கிக்கலாம்" என்றேன்.

இப்போது இந்த மீன் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அந்தத் 'தானே' என் வாயிலேயே கிடக்கிறது.

பஞ்சு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. பழையது, நீலம், ஒரு மூலை வெட்டியது. மோட்டார் இல்லாத காலத்திலிருந்து மீன் அதன் கீழேதான் படுக்கும், தலையணை மாதிரி. அதைப் பிடுங்க மனசு வராமல் இத்தனை நாள் விட்டுவிட்டேன். இன்று காலையில் எடுத்துப் பிழிந்தேன். சாறு காப்பி டிகாஷன் நிறம். கல் மேல் ஊற்றினேன், பஞ்சைத் திரும்ப அதனிடமே வைத்துவிட்டேன்.

அழுக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். என் தொழிலில் இது பாவம்.

அண்ணன்

(எல்போ)


பிப்ரவரி 25

அண்ணா,

கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று கேட்கிறேன். படிக்கத் தெரியாத அண்ணனுக்குத் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனவள் யார்? வயிற்று வலியில், அண்ணி வாசித்துச் சொல்வாள் என்று நினைத்து எழுதினேன். அண்ணி என்னோடுதான் வருகிறாள் என்பதை மறந்துபோனேன். வார்டில் இரண்டாம் நாள் அது எனக்கு உறைத்தது. அண்ணியிடம் சொல்லி உனக்குச் சேதி அனுப்பியிருக்கலாம். மீனைக் கொல்லவா போகிறான் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருஷம் உன்மேல் மட்டும் கோபமாக இருக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாதிக் கோபம் என்மேல் வந்திருந்தால் நான் ஒரு வருஷத்தில் கதவைத் திறந்திருப்பேன்.

ஆனால் அந்தத் 'தானே' உன்னுடையதுதான். அதில் எனக்குப் பங்கில்லை. அந்த வீட்டில் என்னோடு பேசுவதற்கு வேறு யாரும் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தும் சொன்னாய். நீ அதை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று இப்போது தெரிகிறது. துப்பிவிடு. போதும்.

பச்சையைப் பார்த்துப் பயப்படாதே. பஞ்சைப் பிழிந்தது நல்லது, ஒரு வாரத்தில் தெரியும். தீனியை இரண்டு நாள் முழுக்க நிறுத்து. பவுடர் டப்பாவை மருந்துக்கடை அம்மாவிடம் கொடுத்துவிடு.

இனி நான் கேட்கப்போவதற்கு நேராகப் பதில் சொல். மீனின் வயதைக் கேட்டேன், நழுவினாய். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன், நழுவினாய். நீலப் பஞ்சில் ஒரு மூலையை வெட்டியது நான். மோட்டார் குழாய் இடித்தது என்று என் நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். அந்த மாதிரிப் பஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மார்ச் பத்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பழைய பஸ் நிலையம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது; யாரையாவது கேட்டு வந்துகொள்வேன். நீ ஏணி, படி என்று எதிலும் ஏறாதே.

அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி போடு. யார் அது?

தங்கச்சி


மார்ச் 3

தங்கச்சிக்கு,

இந்தத் தடவை எல்போவை மேலேயே வரைந்துவிட்டேன். கடைசியில் வேறொன்று வர வேண்டும்.

(எல்போ)

முதலில் மஞ்சள். முந்தாநாள் காலையில் பட்டையை நனைத்து, எண்பதும் எண்ணி, இன்னும் ஒரு எண்பதும் எண்ணினேன். மாறவே இல்லை. நேற்றும் மஞ்சள், இன்றும் மஞ்சள். மருந்துக்கடைக்கு இறங்கிப்போய்க் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு "எனக்கே சந்தோஷமா இருக்கு மேஸ்திரி, அந்த டப்பாவ இங்க கொடுத்தீங்களே, அது வரைக்கும் எனக்கு நிம்மதியில்ல" என்றார். (சொன்னது உண்மை. — எழுதியவர்) தண்ணீர் தெளிந்துவிட்டது. புதினாவில் ஆறு தண்டும் பிடித்துக்கொண்டது, பெட்டியின் ஓரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிறது. டிரைவர் சனிக்கிழமை சாமான் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை மேலே வந்து பார்த்தார். பக்கெட் இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரு ஜக் ஊற்றினேன். அவ்வளவுதான் வேலை. நாள் முழுக்க ஏப்பம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இருபது நிமிஷத்துக்கு ஒன்று.

நேற்று அது மேலே வந்து தீனி தின்றது.

நீ 'நீ' என்று எழுதியதை மருந்துக்கடை அம்மா வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, "இதை ரெண்டு தடவ வாசிக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பொய்தான்.

இப்போது உன் கேள்வி. 'எது அது' என்று நீ கேட்கவில்லை. 'யார் அது' என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் இது.

அந்தச் சனிக்கிழமை காலையில் தொட்டியைக் கழுவ, மீன்களை எல்லாம் என் வேலைப் பக்கெட்டில் பழைய தண்ணீரோடு விட்டேன். பஞ்சையும் அதிலேயே போட்டேன், அப்புறம் கழுவலாம் என்று. தொட்டி மின்னியதும், வலையால் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டேன். எண்ணவில்லை. நான்தான் எண்ணாதவன் ஆயிற்றே, எண்ணுவது நீ. நீ "கிளம்புங்க" என்றதும் சாமானோடு பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேலை செய்த வீட்டில் அழுக்குப் பக்கெட்டை விட்டு வரக்கூடாது என்பது பழக்கம். மறுநாள் காலையில் கொட்டப் போனேன். பஞ்சு அசைந்தது.

மின்னுகிற தண்ணீருக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். அழுக்குத் தண்ணீரில் அழுக்குப் பஞ்சுக்கு அடியில் எழுந்திருக்கச் சோம்பிக் கிடந்தவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றே பக்கெட்டோடு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் தட்டினேன். நீ திறக்கவில்லை. திங்களும் வந்தேன், புதனும் வந்தேன். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக்காரர் நீ ஊர் மாறிப் போவதாகச் சொன்னார். அப்புறம் சொல்லாததற்கு எனக்கு ஒரே காரணம்தான். பாதி உயிராக இருந்தது. சொல்லி, நீ ஆசைப்பட்டு, அதற்கப்புறம் அதுவும் போய்விட்டால், உனக்கு இரண்டு தடவை போனதாகும். இன்னும் கொஞ்சம் தேறட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். தேறிக்கொண்டே இருந்தது. நாளும் போய்க்கொண்டே இருந்தது. உன் அண்ணி சாகிற மாதம்கூட "அவகிட்ட சொல்லுங்க" என்று என்னைத் திட்டினாள். அவள் போன அன்று நீ காரில் வந்து முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பின்னறைக் கதவைச் சாத்தியிருந்தேன். உன் நாற்காலியிலிருந்து பத்தடி. அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால் போதும், திறக்கத் தெரியவில்லை.

பத்தாம் தேதி திறந்திருக்கும். முன்வாசலும் சேர்த்து. பஸ் இப்போது தபால் ஆபீஸ் எதிரே நிற்கிறது. கடிகாரம் ஓடுகிறது.

உன் வீட்டில் ஏழு பேர் என்று கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்னாய். சரியான கணக்கு. நான்தான் தப்பாக எண்ணினேன். மணப்பெண் போய்விட்டாள். வக்கீல் போய்விட்டார். சண்டைக்கோழியும் மாமியாரும் பெரிய டீச்சரும் அன்று சாயங்காலமே போய்விட்டார்கள். உன் கண் முன்னால், என் கையால். அந்த ஆறு பேரில் இன்னும் உயிரோடு இருப்பவர், இதோ நான் சொல்லச் சொல்லத் தலையணையை விட்டு எழுந்து கண்ணாடியோரம் வந்து நிற்பவர்,

தூங்குமூஞ்சி.